முதல் தடவை பல் கிளீனிங் செய்துகொண்டேன், உங்களுக்கு எப்படி இருந்தது?

41 வயதில் முதல் தடவையாக ஸ்கேலிங், அதாவது மெஷின் வைத்துப் பல் கிளீனிங், செய்துகொண்டேன். இத்தனை வருடம் போகாததற்கு, எங்கள் வீட்டில் காலங்காலமாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்: "மெஷின் வச்சா பல்லு ஆட்டம் கண்டுரும்." அப்பா அதை நம்பியே கீழ் முன்பற்கள் நான்கையும் இழந்தார். எனக்கும் ஆறு மாதமாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்துகொண்டிருந்ததால் பயத்தை விட்டுவிட்டுப் போனேன்.

டாக்டர் உடனே மெஷினைத் தொடவில்லை. சர்க்கரை இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா, இதய வால்வு ஆபரேஷன், பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்டார். தயவுசெய்து இதில் எதையும் மறைக்காதீர்கள். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு அளந்தார். 3 வரை சரி, அதற்கு மேலே போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தமாம். எனக்குக் கடைவாயில் இரண்டு இடத்தில் 5.

மெஷின் பல்லைச் சுரண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதன் முனை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அதிர்ந்து, பல்லில் கல்லாக இறுகிப்போன அழுக்கான காரையை உடைக்கிறது. முனை சூடாகாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒரு குழாய் அதை உறிஞ்சும். வலியைவிட அந்தக் கீச்சுச் சத்தமும் வாயில் தண்ணீர் நிறைவதும்தான் சிரமம். மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் சமாளிக்கலாம். கூசினால் இடது கையைத் தூக்கச் சொன்னார். மூன்று தடவை தூக்கினேன், மூன்று தடவையும் நிறுத்தினார்.

அதிக நேரம் பிடித்தது கீழ் முன்பல்லின் உள்பக்கம்தான். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் இருப்பதால் எச்சிலில் உள்ள தாது உப்பு அங்கேதான் முதலில் படியுமாம். பல்லில் ஒட்டும் அழுக்கு இரண்டு மூன்று நாளிலேயே இறுக ஆரம்பித்துவிடும். கல்லான பிறகு எந்த பிரஷ்ஷாலும் போகாது. எடுத்த துண்டு ஒன்றைக் காட்டினார். துவரம்பருப்பில் பாதி இருக்கும்.

வாய் கொப்பளித்ததும் நாக்கு போய்த் தொட்டது பல் இடுக்குகளை. பதறிவிட்டேன். "இடைவெளியை நாங்க உண்டாக்கலைங்க, கல்லு அடைச்சிக்கிட்டு இருந்துச்சு. அதனாலதான் ஈறு இறங்கியிருக்கு" என்று கண்ணாடியில் காட்டினார். நாலு நாள் குளிர்ந்த தண்ணீர் கூசியது. இரண்டு வாரத்தில் ரத்தம் அறவே நின்றது.

—

உங்கள் பதிவுக்கு என் அனுபவம்: என் அம்மாவுக்குக் கிளீனிங் முடிந்ததும் இரண்டு பல் உண்மையிலேயே ஆடியது. டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டோம். அவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. காரைதான் சிமெண்ட் பூசியது போல ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டி வைத்திருந்திருக்கிறது. எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிந்தது. "மெஷின் வச்சா ஆடும்" என்ற பேச்சு இப்படித்தான் கிளம்பியிருக்க வேண்டும். பத்து வருடம் முன்னாலேயே அழைத்துப் போயிருந்தால் எலும்பு போயிருக்காது என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

—

என் அனுபவமும் சொல்கிறேன். நான் போனது ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு. மாணவி செய்தார், பேராசிரியர் வந்து சரிபார்த்தார். செலவு குறைவு, நேரம் அதிகம். நான் சர்க்கரை உள்ளவன். ஈறுக்குள்ளே ஆழமாகக் காரை இறங்கியிருந்தது. அதனால் ஒரே நாளில் முடிக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, வேரின் மேல் உள்ளதைக் கைக்கருவியால் எடுத்தார்கள். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று கிளறிவிடும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். சாப்பிடாமல் மட்டும் போகாதீர்கள், சர்க்கரை மாத்திரை போட்டவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடலாம்.

—

வெள்ளையாகிவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஒன்று: டீக்கறை, வெற்றிலைக்கறை போகும். கடைசியில் ரப்பர் கப்பில் பசை வைத்துப் பாலிஷ் போட்டதும் பல் வழுவழுவென்று இருக்கும். பல்லின் இயற்கை நிறம் மாறாது. அது வேறு சிகிச்சை.

—

என் பதிவுக்குப் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அம்மாவைப் பற்றி எழுதியவருக்குத் தனியாக. அதைப் போனில் அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மிச்சம் இருக்கறதையாவது பாத்துக்கலாம்" என்றார். வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை இப்போதே என் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.