பாக்குத் தோப்பில் பறவைக் கணக்கு இடிக்கிறது, வழி சொல்லுங்க

வணக்கம்ங்க. மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாறு யானை வழித்தடத்தை ஒட்டி, காட்டோரம், பாக்குத் தோப்பு, வாழை, தரிசு என்று நாலு வகை நிலத்திலும் மார்கழியிலிருந்து பறவை எண்ணுகிறேன். ஓரிடத்தில் 10 நிமிடம் நின்று, 50 மீட்டர் வட்டத்துக்குள் கண்டது, கேட்டது எல்லாம் குறிப்பேன். கையில் 8×42 பைனாகுலர்.

சிக்கல் தோப்பில்தான். தரிசில் கரிச்சான், பனங்காடை, கொண்டலாத்தி எல்லாம் பளிச்சென்று தெரியும். தோப்புக்குள் குக்குறுவான் 'குட்ரூ குட்ரூ' என்று விடாமல் கத்தும். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும், ரெண்டா நாலா என்றே பிடிபடாது. சின்னான்கள் மட்டைக்குள் போனால் போனதுதான். தோப்பில் பறவை குறைவு என்கிறது என் நோட்டு, எனக்கு நம்பிக்கையில்லை.

விடியலில் போகலாம் என்றால் யானை நிற்கும், 7 மணிக்கு மேல்தான் நுழைய முடியும். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி பெயரைச் சொல்கிறது, எண்ணிக்கையைச் சொல்வதில்லை. வட்டத்தை 30 மீட்டராகக் குறைத்தேன். தரிசில் பாதிப் பறவை விட்டுப்போகிறது. அப்புறம், ஒவ்வொரு பறவைக்கும் தூரம் குறித்து, கண்ணில் படாமல் போனதையும் கணிக்கும் முறை இருக்கிறது. பார்த்ததற்குச் சரி, குரலுக்கு?

அடர்ந்த தோப்பில் குரல் மட்டும் கேட்கும் பறவையின் தூரத்தை நீங்கள் எப்படிக் கணித்துக் குறிக்கிறீர்கள்?