புதுப்பிப்பு: பிசுபிசுத்த டைனோசர் ஒருவழியாகக் காய்ந்தது

சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற இறகு டைனோசரின் பொம்மைக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்து மூன்று வாரமாகியும் கையில் ஒட்டுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. மென்மையான பிவிசியில் இருக்கும் பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் வேதிப்பொருள்) மேலே கசிந்து பெயிண்டை இளக்கியிருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் வைத்துத் தேய்த்து எடுத்தேன். பல்லிடுக்குக்கே ஒரு மாலை முழுக்கப் போனது. அப்புறம் சோப்பு நீரில் கழுவி, அக்ரிலிக்கை மெல்லிசாக நான்கு பூச்சு.

வாலைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சீனாவில் கிடைத்த இந்த டைனோசரின் புதைபடிவத்தில் உள்ள மெலனோசோம்களை (நிறமி இருக்கும் நுண்ணிய உறுப்புகளை) ஆராய்ந்து, அந்த வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததாக 2010-இல் சொன்னார்கள். அதையே வரைந்தேன், இடையிடையே வெள்ளை. பட்டையின் ஓரத்தை நேர்கோடாக விடாமல் இறகு மாதிரி பொடிக் கீற்றுகளாக இழுத்ததும் உயிர் வந்துவிட்டது! மேட் வார்னிஷ் மட்டும் பாக்கி.