மறு: அல்லோடைனியா, ஹைப்பரால்ஜீசியா – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மருத்துவர் அம்மா கேட்டது இரண்டே சொல்: அல்லோடைனியா, ஹைப்பரால்ஜீசியா என்ற இரண்டு வலி நிலைகளுக்குத் தமிழ்ப் பெயர். இழையில் வந்து குவிந்திருப்பதோ ஒரு சந்தை. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மடல் நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நோயாளிகளுக்குத் தரும் கையேட்டில் இரண்டையும் 'அதிக வலி' என்றே போட்டிருக்கிறார்கள். இது சரியில்லை. மாற்றாக எதைப் போடுவது?

சரியில்லைதான். ஊசி குத்தினால் எல்லாருக்கும் வலிக்கும். அதே குத்து ஒருவருக்கு உயிர் போகிற மாதிரி வலித்தால் அது ஹைப்பரால்ஜீசியா. சட்டைத் துணி தோளில் உரசினால் யாருக்கும் வலிக்காது. அந்த உரசலே ஒருவருக்கு வலித்தால் அது அல்லோடைனியா. அக்கி வந்து கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்த பிறகும், பனியன் பட்டால் துடிக்கிறவர்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் போய் 'உங்களுக்கு அதிக வலி' என்றால், 'அது எனக்குத் தெரியாதா' என்றுதான் கேட்பார்கள்.

இன்னொரு தீங்கும் உண்டு. மார்பீன் வகை மருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களில் சிலருக்கு அந்த மருந்தே வலியுணர்வைக் கூர்மையாக்கிவிடுகிறது. இதுவும் ஹைப்பரால்ஜீசியாதான். இதை 'அதிக வலி' என்று எழுதினால், படிப்பவர் மருந்து போதவில்லை என்று முடிவுகட்டி இன்னொரு மாத்திரையைத் தேடுவார். செய்ய வேண்டியது பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது. சொல் பிசகினால் மருந்தின் அளவும் பிசகும் என்பதால்தான் இந்த இழையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

> 'அல்கோஸ்' என்றால் கிரேக்கத்தில் வலி. நம் 'அல்லல்' என்பதிலிருந்து போனதுதானே? 'அல்கு' என்றே வேர்ச்சொல் அமைத்துக்கொள்ளலாம்.

ஐயா, வேண்டாம். ஒலி ஒத்துப்போவதெல்லாம் உறவாகாது. அப்படிப் பார்த்தால் அல்ஜீப்ராவும் அல்கோஸின் தங்கை என்று பத்தாம் வகுப்பு மாணவர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுப்பார்கள். அதுவோ அரபுச் சொல். நாளைக்கு அகராதி புரட்டும் ஒருவருக்கு 'அல்கு' என்ற சொல் எந்தத் தமிழ் நினைவையும் தராது. 'அல்கு' என்றால் நம் பழைய வழக்கில் தங்கு என்று பொருள். வலி தங்கிவிடப் போகிறது.

ஆனால் கிரேக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதில் பயன் இருக்கிறது. வலிக்கு அவர்களிடம் ஒரு சொல் மட்டும் இல்லை. அல்கோஸ் இருக்கிறது, ஒடுனே இருக்கிறது, பொனோஸ் இருக்கிறது. முதல் இரண்டும் நம் இரு கலைச்சொற்களுக்குள்ளும் உட்கார்ந்திருக்கின்றன: ஹைப்பரால்ஜீசியாவில் அல்கோஸ், அல்லோடைனியாவில் ஒடுனே.

பழங்கிரேக்கப் புலவர் ஹோமரின் காப்பியங்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு வேலை பார்க்கின்றன. இலியத்தின் இரண்டாம் அடியிலேயே அல்கோஸ் பன்மையில் வந்துவிடுகிறது: அக்கிலீசின் சினம் அக்கேயருக்கு, அதாவது கிரேக்கப் படைக்கு, எண்ணற்ற 'அல்கெயா'வைக் கொண்டுவந்தது. ஒடிசியின் நான்காம் அடியில் ஒடிசியஸ் கடலில் தன் நெஞ்சுக்குள் பல 'அல்கெயா'வைப் பட்டான். இரண்டு இடத்திலும் பல்வலியோ முதுகுவலியோ அல்ல, துயரம், அல்லற்பாடு. இன்னொரு பழங்கிரேக்கப் புலவரான ஹெசியோடு இன்னும் ஒரு படி மேலே போய், பூசல் தேவதையான எரிஸ் பெற்ற பிள்ளைகளின் வரிசையில் 'கண்ணீர் மல்கும் அல்கெயா' என்று இவற்றுக்கு உயிரே கொடுத்துவிட்டார். பசியும் மறதியும் இவற்றின் உடன்பிறப்புகள்.

ஒடுனே அப்படியல்ல. அது பெரும்பாலும் காயத்தோடு வருகிறது, குத்துகிறது, ஊடுருவுகிறது. இலியத்தின் பதினோராம் பகுதியில் அகமெம்னான் கையில் ஈட்டி பாய்ந்த காயம் உலரத் தொடங்கியதும் எழும் ஒடுனேயைப் பிள்ளை பெறுகிறவளின் கூரிய நோவோடு ஒப்பிடுகிறார் ஹோமர். அதே பகுதியின் கடைசியில் வரும் காட்சியை மருத்துவர் அம்மா ரசிப்பார். தொடையில் அம்பு தைத்த யூரிப்பிலசைப் பத்ரோக்லஸ் மாட்டுத்தோலில் கிடத்துகிறான். கத்தியால் அம்பை அறுத்தெடுக்கிறான். கருங்குருதியை வெதுவெதுப்பான நீரால் கழுவுகிறான். ஒரு கசப்பு வேரைக் கையால் கசக்கிக் காயத்தில் வைக்கிறான். நோவெல்லாம் அடங்குகிறது, புண் உலர்கிறது, குருதி நிற்கிறது. அந்த வேருக்கு ஹோமர் தரும் அடைமொழி 'ஒடுனேபாதோன்': ஒடுனேயைக் கொல்வது. வலிகொல்லி என்ற சொல் ஆங்கிலத்தைப் பார்த்து அடித்த நகல் என்று இழையில் ஒருவர் எரிந்து விழுந்திருந்தார். அவர் ஹோமரோடுதான் வழக்காட வேண்டும்.

பொனோஸ் மூன்றாவது. உழைப்பும் அதுவே, உழைப்பின் நோவும் அதுவே. ஹிப்போகிராடீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் வலிக்கு இது தாராளமாக வரும். அந்த மருத்துவ முதுமொழிகளில் ஒன்று: வெவ்வேறு இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பொனோஸ் எழுந்தால் கடுமையானது மற்றதை மங்கச் செய்யும். பல்வலி வந்தவன் தலைவலியை மறப்பதைச் சொல்கிறார்கள். பொனோஸுக்கு நேராகத் தமிழில் 'வருத்தம்' நிற்கிறது என்பதை இங்கே யாரும் கவனிக்கவில்லை. 'மெய்வருத்தக் கூலி தரும்' என்னும்போது வள்ளுவர் சொல்வது உழைப்பை. யாழ்ப்பாணத்தில் 'அவருக்கு வருத்தம்' என்றால் உடம்புக்கு முடியவில்லை. சென்னையில் வருத்தம் என்றால் மனக்கவலை. ஒரே சொல் மூன்று அறை மாறிவிட்டது. கலைச்சொல்லுக்கு உதவாது, ஆனாலும் அழகு.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அல்கோஸுக்கு ஒன்று, ஒடுனேக்கு ஒன்று என்று தமிழிலும் இரண்டு வேர் வைக்க வேண்டுமா?

> கிரேக்கத்தில் வேறுபாடு இருக்கும்போது நாமும் காட்டுவதுதானே நேர்மை?

ஹோமரின் வேறுபாடு ஹோமரோடு போயிற்று. பிற்கால மருத்துவர்கள் சொல் கட்டும்போது கைக்கு அகப்பட்டதை ஒட்டினார்கள். ஆல்ஜியா என்று முடிந்தாலும் டைனியா என்று முடிந்தாலும் இன்று பொருள் 'வலி' மட்டுமே. வால் எலும்பு வலிக்கு இரண்டு முடிவும் வழங்குகின்றன. உடம்பெங்கும் தசை வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவில் முதல் துண்டு லத்தீன், மற்ற இரண்டு கிரேக்கம். நாஸ்டால்ஜியாவைப் பாருங்கள்: 1688இல் பாசெல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் நினைவில் உருகிப்போகும் சுவிஸ்காரர்களைப் பற்றிய ஆய்வேட்டுக்காக, தம் மொழியில் வழங்கிய சொல்லைக் கிரேக்க வேர்களால் பெயர்த்துக் கட்டினார். ஊர் திரும்பலும் அல்கோஸும் சேர்ந்தது. ஒடிசியஸே அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. எனவே வேருக்கு வேர் பெயர்ப்பது அந்தக் கட்டுமானக்காரர்களே மதிக்காத ஒழுங்கை நாம் தலையில் சுமப்பதாகும்.

காட்ட வேண்டிய வேறுபாடு வேறொன்று. ஆல்ஜியா என்பது வலி. ஆல்ஜீசியா என்பது வலியை உணரும் திறன். இவை இரண்டையும் குழப்பினால்தான் கேடு.

இங்கேதான் 'வலி'யைப் பற்றி என் தயக்கம். பேச்சில் அதுதான் அரசன். தலைவலி, தசைவலி, நரம்பு வலி எதையும் தொட வேண்டாம். ஆல்ஜியாவுக்கு அது போதும். கூட்டுச்சொல்லின் உள்ளே போனதும் அது நழுவுகிறது. வலி என்றால் வலிமையும் ஆகும். வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருப்பது நோயாளிகளுக்காக அல்ல. 'மிகைவலி', 'வலியின்மை' இரண்டும் ஏட்டில் இரு பக்கமும் சாயும். 'வலிப்பு' என்று நீட்டினால் நேரே காக்காய் வலிப்புக்குப் போய்விடும்.

ஆகவே ஆல்ஜீசியா குடும்பத்தை 'நோவு' மேல் கட்டலாம் என்பது என் முன்மொழிவு. 'நோய்' என்று எழுதினால் இன்றைக்கு வியாதி மட்டும்தான் தெரியும்; 'நோவு' என்றால் குழப்பமில்லை. பழைய சொல், யாருக்கும் புரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். மனம் நோகிறது, வாய் நோகக் கத்தினேன், நோகாமல் நுங்கு தின்கிறான் – இவையெல்லாம் புரிகிறவர்களுக்கு நோவு புரியும். ஈழத்து நண்பருக்கு நாரி நோ, அதாவது இடுப்பு வலி, அன்றாடச் சொல்.

> நோவு மனத்துக்கும் வருகிறதே. உடல் வலிக்கு அது எப்படிப் பொருந்தும்?

அதைக் குறை என்கிறீர்கள். நான் நிறை என்கிறேன். வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் தந்த வரையறையை 2020இல் திருத்தியபோதும் ஒன்றை மட்டும் கைவிடவில்லை: வலி என்பது புலனும் உணர்ச்சியும் சேர்ந்த, விரும்பத்தகாத ஓர் அனுபவம். 'நோம் என் நெஞ்சே' என்ற குறுந்தொகை நெஞ்சும், அம்பு தைத்த தொடையும் ஒரே வினைச்சொல்லில் அடங்குவது நமக்குக் கிடைத்த வசதி. அல்கோஸுக்கும் அந்த வசதி இருந்தது.

எனவே ஹைப்பரால்ஜீசியா: மிகைநோவுணர்வு. குறைந்தால் குறைநோவுணர்வு. அனல்ஜீசியா: நோவுணராமை. பிறவியிலேயே வலி தெரியாமல், நாக்கைக் கடித்துக்கொண்டும் கையைச் சுட்டுக்கொண்டும் வளரும் குழந்தைகளின் நிலைக்குப் 'பிறவி நோவுணராமை' என்றால் பெற்றோருக்கும் விளங்கும். 'மிகைநோவு' என்று சுருக்கலாம் என்பவர்களுக்கு: 'உணர்வு' என்பதை வெட்டாதீர்கள், மார்பீன்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அல்லோடைனியாதான் கடினம். வந்தவற்றில் நான்கைப் பார்க்கிறேன்.

'பிறிதுநோவு': அல்லோஸ் என்றால் பிற, ஆகவே நேர்ப்பெயர்ப்பு. ஆனால் 'பிறிதின்நோய் தந்நோய்போல்' என்று பள்ளியில் படித்தவர் எவரும் இதை மற்றோர் உயிரின் வலி என்றே வாசிப்பார்.

'ஊறுநோவு': சொன்னவருக்கு ஒரு வணக்கம். ஊறு என்றால் தீங்கு. சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம் என்னும்போது அதுவே தொடுபுலன். தொடுதலே தீங்காகும் நிலைக்கு ஒரே சொல்லில் இரண்டும் அமைந்தது அபாரம். ஆனால் கையேட்டைக் கையில் வாங்குகிறவருக்கு முதலில் ஞாபகம் வருவது ஊறுகாய். மனமில்லாமல் ஒதுக்குகிறேன்.

'பிறழ்நோவு': எதிர்பார்ப்பிலிருந்து விலகியது என்ற கருத்துக்குப் பொருத்தம். மொழியாக நன்று, மனிதராகப் பார்த்தால் கொடிது. இந்த நோயாளிகள் 'எல்லாம் உங்கள் மனப்பிரமை' என்று கேட்டுக் கேட்டு நொந்தவர்கள். மனப்பிறழ்வு என்ற சொல்லின் பக்கத்து வீட்டில் அவர்களைக் குடிவைக்க எனக்குச் சம்மதமில்லை.

மீதி 'தொடுநோவு'. என் வாக்கு இதற்கே. தொடுதிரை என்றால் தொட்டால் இயங்கும் திரை. தொடுநோவு என்றால் தொட்டாலே எழும் நோவு. விளக்கம் தேவையில்லை.

> குளிர்ந்த காற்றுக்கும் அல்லோடைனியா உண்டே? தொடுதல் என்று குறுக்கிவிட்டால்?

உண்டு. புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவர்கள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒரு தம்ளரை எடுத்தாலே விரல் நொந்து கீழே வைத்துவிடுகிறார்கள். ஆனால் குளிரும் வந்து தொடுவதுதான். காற்று தொட்டது, வெயில் தொட்டது என்று எழுதாத தமிழ் உண்டா? குளிர்த் தொடுநோவு, வெப்பத் தொடுநோவு, பஞ்சால் வருடினாலே வருவதற்கு வருடல் தொடுநோவு என்று கிளை விடுவதும் எளிது.

தொடுதல் எவ்வளவு சிறிதாக இருக்கலாம் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்புக் காயம் பட்டவர்களைக் கவனித்த சைலஸ் வெயர் மிட்செலின் குறிப்புகளைப் பாருங்கள். எரியும் வலிக்குக் காசால்ஜியா என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவர் அவர். அதிலும் அல்கோஸ்தான் வால். செய்தித்தாள் சரசரப்பது, இன்னொருவர் கூடத்தில் நடப்பது, ராணுவ வாத்தியத்தின் அதிர்வு எல்லாம் வலியைக் கிளப்பின என்கிறார். காலணிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவரும் உண்டு, உலர்ந்த உரசலைத் தாங்க முடியாமல். அந்த அதிர்வும் உடம்பைத் தொட்டுத்தானே நோகச் செய்தது.

ஒடுனேயைத் தலையில் வைத்திருக்கும் ஓடினோஃபேஜியா இன்னும் பாக்கி. விழுங்கச் சிரமப்படுவது டிஸ்ஃபேஜியா; விழுங்கும்போது வலிப்பது இது. இரண்டையும் 'விழுங்குவதில் சிரமம்' என்றே பல கையேடுகள் எழுதுகின்றன. 'விழுங்குநோவு' என்று வைத்திருக்கிறேன். தொண்டை மருத்துவர்கள் யாரேனும் இந்தக் குழுவில் இருந்தால், நோயாளிகள் இதற்கு உங்களிடம் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அது இதைவிட நன்றாக இருந்தால் என்னுடையதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அன்புடன்