30 செ.மீ. நீரோடு அணை உடைப்புச் சோதனை: அலைமுகம் ஏன் பிந்தி வருது?

கனகராயன்கரை:
கிளிநொச்சியில இறுதியாண்டுச் செயற்றிட்டம். 30 செ.மீ. அகலப் பேர்ஸ்பெக்ஸ் வாய்க்கால். கதவுக்குப் பின்னால 1.5 மீற்றர் நீளத்துக்கு 30 செ.மீ. ஆழ நீர், முன்னால 4 மீற்றர் உலர்தளம். கப்பி வழியா 15 கிலோ நிறை விழ, 3 கிலோக் கதவு மேல போகும், 0.4 செக்கன் எடுக்குது. அணை உடைப்பு அலைக்கு ரிற்றர் தந்த கணக்குப்படி அலைமுகம் (அலையின்ர முன்நுனி) செக்கனுக்கு 3.43 மீற்றர் ஓடவேணும். கமராவில நல்லாக் குறைவு. எச்.ஈ.சி-ராஸ் எண்ட வெள்ளக் கணிப்பு மென்பொருளில ஓட்டினா அலை மழுங்கிப் பரவுது. பிழை எங்க? இதையே ஒரு சின்னக் குளத்துக்கும் செய்யலாமா?

துருசடி:
தம்பி, முதல் பிழை கதவில. லௌபர், ஹாகர் எண்ட ஆய்வாளர்கள் 1998இல தந்த அளவுகோல்: நீராழத்தின்ர இருமடங்கை ஈர்ப்பு முடுக்கத்தால வகுத்து வர்க்கமூலம் எடுங்கோ, கதவு அதுக்குள்ள விலகவேணும். 30 செ.மீ.க்கு 0.25 செக்கன். ஒரு கல்லு 30 செ.மீ. தானா விழ எடுக்கிற நேரமும் அதுதான். அதால ஓய்விலிருந்து இழுத்தா, எவ்வளவு நிறை தூக்கினாலும் எட்டாது.

கம்பியில 50 செ.மீ. தொய்வு விடுங்கோ. நிறை முதல் தனிய விழுந்து 3.1 மீ/செ. வேகம் எடுத்த பிறகே கதவைப் பிடிக்கும், கதவு 2.6 மீ/செ. வேகத்தில கிளம்பி 0.11 செக்கனில வெளிய வந்திடும். நைலோன் கயிறு வேண்டாம், இழுபட்டு அந்த உதைப்பை விழுங்கிப்போடும். மேல முட்டுற இடத்தில பழைய ரியூப் இறப்பரைப் பல மடிப்பா வையுங்கோ, இல்லாட்டி பேர்ஸ்பெக்ஸ் வெடிக்கும். நீர் கதவைத் தள்ளுற விசை 130 நியூட்டன் அளவு; கதவு ஓடுற தவாளிப்பில சிலிக்கோன் கிறீஸ் பூசாட்டி உராய்வு கூடும்.

வான்கட்டு:
கதவு சரியானாலும் 3.43 வராது. ரிற்றரின் 1892ஆம் ஆண்டுத் தீர்வில உராய்வே இல்லை. உண்மையில அலையின்ர மெல்லிய நுனியை உராய்வு பிடிச்சு வைக்கும். அதால நுனியை விட்டிட்டு, கதவு நின்ற இடத்து ஆழத்தை அளவுங்கோ. ஆரம்ப ஆழத்தில ஒன்பதில நாலு பங்கு, அதாவது 13.3 செ.மீ.யில அது நிலைக்கவேணும். உங்கட நீளத்துக்குப் பின்சுவரில பட்ட அலை 1.6 செக்கனில திரும்பி வந்திடும். அதுக்குப் பிறகு ஒப்பிடாதேங்கோ. முதல் சில பத்திலொரு செக்கனையும் விடுங்கோ, அப்ப நிலைக்குத்து முடுக்கம் பெரிசு, அதைக் கணக்கில எடுக்காத ஆழமற்ற நீர்ச் சமன்பாடு (ரிற்றரின் தீர்வுக்கு அடிப்படை) பொருந்தாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் தளத்தைத் துணியால துடையுங்கோ. கதவடியில கசிஞ்ச ஒரு மெல்லிய நீர்ப்படலமே அலைமுகத்தின்ர வடிவத்தை மாத்திப்போடும்.

ராஸில நேரப்படியை (ஒரு கணிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம்) 0.1 செக்கனா வைச்சாலும் பெரிசு. அந்த நேரத்தில உங்கட அலை 34 செ.மீ. ஓடிடும், 2 செ.மீ. கட்டம் எண்டா ஒரே படியில 17 கட்டம் தாண்டிடும். வாய்க்காலுக்கு ஓப்பின்ஃபோம் எண்ட திரவ ஓட்ட மென்பொருள், இல்லாட்டி நீங்களே எழுதுற முடிவுறு கனவளவு நிரல் (நீரைச் சின்னக் கட்டங்களாப் பிரிச்சு, ஒவ்வொன்றுக்கும் வரவு செலவு பாக்கிற முறை). கூரன்ற் எண், அதாவது ஒரு நேரப்படியில அலை கடக்கிற கட்டங்களின்ர எண்ணிக்கை, 1ஐத் தாண்டக்கூடாது.

கனகராயன்கரை:
நன்றி அண்ணா. குளத்துக்கு?

துருசடி:
திடீர் உடைப்பைக் குளத்துக்குப் போடாதேங்கோ. அது பிரான்சில 1959இல உடைஞ்ச மல்பசே மாதிரி கொங்கிறீற்று வில்லணைக்குப் பொருந்தும். எங்கட மண்கட்டுகள் நீர் மேவியோ, உள்ளால துளை விழுந்தோ, கரைஞ்சு கரைஞ்சுதான் உடையும். 10 இலட்சம் கனமீற்றர் நீரும் 4 மீற்றர் உடைப்புயரமும் எண்டா, மண்ணணை உடைப்புக்கு ஃப்ரோலிக் 2008இல தந்த சமன்பாட்டில நீர் மேவும் உடைப்புக்குச் சராசரி அகலம் 31 மீற்றர், உருவாகும் நேரம் 84 நிமிடம். இதுக்கு ராஸ் நல்லாப் போதும். முழு உந்தச் சமன்பாட்டைத் தெரிவு செய்யுங்கோ.

பெரிய வில்லங்கம் தரைமட்டம். 30 மீற்றர் செய்மதித் தரவில குளக்கட்டும் தெரியாது, வீதி அணையும் தெரியாது, காட்டுக்குள்ள மர உச்சியைத் தரையெண்டு காட்டும். வன்னிச் சமதரையில ஒரு மீற்றர் பிழையே வெள்ளத்தை வேற ஊருக்குத் திருப்பிவிடும். கட்டு, வான் (மிகைநீர் வழியிற இடம்), ஏ9 வீதி, மதகுகள் எல்லாத்தையும் மட்டம் எடுத்து, ராஸில முறிகோடா (உயர்ந்த விளிம்பைக் கட்டங்கள் தவறவிடாமப் பிடிக்கிற கோடு) போடுங்கோ. கீழ அடுத்த குளம் இருந்தா அதையும் சேருங்கோ. மேற்குளம் உடைஞ்சா கீழ்க்குளத்து வான் அந்த நீரைத் தாங்குமோ எண்டதைத்தான் சனம் முதல் கேக்கும்.