ஜாவா செயலியிலிருந்து தொடங்கிய சோலர், மூடினாலும் நிற்பதில்லை

கல்லடியிலிருந்து:
எங்கள் வாசிகசாலையில் ஆறாயிரம் புத்தகங்கள் வரை இருக்கின்றன. பதிவேடு முழுவதையும் இரண்டு வருடமாக உட்கார்ந்து நான்தான் கணினியில் ஏற்றினேன். தேடுவதற்கு அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். நூலகத்தைப் பார்க்கும் அக்காவுக்குக் கட்டளைகள் பழக்கமில்லை. அதனால் ஜாவாவில் ஒரு செயலி எழுதினேன்: திறந்தால் சோலர் தொடங்க வேண்டும், மூடினால் நிற்க வேண்டும்.

வேறு நிரல்களை இயக்கும் ஜாவா வகுப்பான பிராசஸ்பில்டர் மூலம், சோலரைத் தொடங்கும் சோலர்.சிஎம்டி கோப்பை இயக்கினால் தொடங்குகிறது. மூடும்போது, இயக்கியதை நிறுத்த டெஸ்ட்ராய் கொடுக்கிறேன். ஆனால் திரும்பத் திறந்தால் சோலரின் 8983 போர்ட் (இணைப்பு வாசல்) ஏற்கனவே பாவனையில் என்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஜாவா ஓடிக்கொண்டேயிருக்கிறது. அக்கா ஒவ்வொரு தடவையும் மடிகணினியையே ரீஸ்டார்ட் செய்கிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. இன்னொன்று, தொடங்கிய கையோடு தேடினால் பிழை வருகிறது.

கல்முனையிலிருந்து:
தங்கச்சி, உங்கள் கையில் இருப்பது சோலர் இல்லை, அதைத் தொடங்கிவைத்த சிஎம்டி. அது சோலரைப் பின்னணியில் ஓடவிட்டுத் தன் வேலை முடிந்ததென்று போய்விடும். முன்னணியில் ஓட வைத்தாலும் விண்டோஸில் டெஸ்ட்ராய் சிஎம்டியை மட்டும்தான் நிறுத்தும், அது தொடங்கிவைத்த ஜாவா தப்பிவிடும்.

நிறுத்துவதையும் சோலரிடமே சொல்லுங்கள். இன்னொரு பிராசஸ்பில்டரில் அதே சிஎம்டிக்கு ஸ்டாப், போர்ட் 8983 என்று கொடுங்கள். 1000 குறைத்து 7983 போர்ட்டில் அந்தச் செய்தி போகும். வெயிட்ஃபார் போட்டுக் காத்திருந்து, அந்த ஸ்டாப் கட்டளை முடிந்த பிறகே உங்கள் செயலியை மூடுங்கள்.

தேடலைத் திறக்குமுன் உங்கள் கோரின் (பதிவேடு இருக்கும் சோலர் தொகுப்பின்) பிங் முகவரியை, தயாரா என்று அரை விநாடிக்கு ஒரு தடவை கேளுங்கள். சரி என்று பொருள்படும் 200 பதில் வந்தபிறகுதான் தேடல் பெட்டி தெரிய வேண்டும்.

அப்புறம், சிஎம்டியின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள், பிழைச் செய்திகளையும் சேர்த்து. யாரும் வாசிக்காமல் விட்டால் வெளியீடு வரும் பைப் நிரம்பி எல்லாம் அப்படியே உறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு முழுக்கப் போனது.

அக்கரைப்பற்றிலிருந்து:
ஆறாயிரம் புத்தகத்துக்குத் தனிச் சேர்வர் எதற்கு? எம்பெடட்சோலர்சேர்வர் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. உங்கள் செயலி ஓடும் ஜேவிஎம்முக்குள்ளேயே (ஜாவா இயக்கச் சூழலுக்குள்ளேயே) ஓடும், போர்ட்டும் இல்லை. செயலியை மூடும்போது க்ளோஸ் கொடுத்தால் அதுவும் நிற்கும்.

கல்லடியிலிருந்து:
சிறுவர் பகுதிக் கணினியும் இதே சோலரில்தான் தேடுகிறது அண்ணா, அதனால் சேர்வர் வேண்டும்.

நானா, ஸ்டாப் கட்டளையை, செயலி மூடும்போது தானாக ஓடும் ஷட்டவுன் ஹூக்கில் வைத்தால் போதுமா? கரண்ட் போனால்?

கல்முனையிலிருந்து:
வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கரண்ட் போனாலோ டாஸ்க் மேனேஜரில் கொன்றாலோ ஹூக் ஓடாது. புத்தகங்களைச் சேர்த்ததும், அவை நிரந்தரமாகப் பதிய கமிட் கொடுத்துவிடுங்கள். கமிட் ஆகாதவற்றையும் அடுத்த தடவை தொடங்கும்போது பரிவர்த்தனைப் பதிவிலிருந்து சோலர் மீட்கப் பார்க்கும்.

கல்லடியிலிருந்து:
ஐந்து தடவை மூடித் திறந்து பார்த்தேன், 8983 ஒவ்வொரு முறையும் காலியாகவே இருந்தது. பிங் வரும்வரை "தயாராகிறது" என்று திரையில் காட்டுகிறேன். நாளைக் காலையில் அக்காவின் மடிகணினியில் போட்டுக் கொடுக்கிறேன். மிக்க நன்றி நானா.