‘மாதிரி’க்கு மாற்றாக ஒரு சொல் வேண்டும்

தேவகோட்டை, வேதியியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். அணுக்களை இழுத்து ஒட்டி மூலக்கூறு கட்டும் ஒரு கட்டற்ற செயலியைத் தமிழாக்குகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் சொற்பட்டியலை அனுப்பியாக வேண்டும். model என்பதற்குப் பாடநூலில் வரும் ‘மாதிரி’ மட்டும் இடிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் “மீத்தேன் மாதிரி செய்யுங்கள்” என்றால், “மீத்தேன் மாதிரி வேற எதைச் செய்யணும் டீச்சர்?” என்று கேட்கிறார்கள். சோதிக்க எடுக்கும் உப்புக்கும் தண்ணீருக்கும் அதே சொல்தான். கையால் செய்வதற்கும் திரையில் சுழற்றுவதற்கும் பொதுவாக, பொத்தானில் அடங்குகிற சொல் வேண்டும்.

திரை வந்தபிறகும் கைவேலை எதற்கு என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். மீத்தேனின் கார்பனாகச் சுண்டைக்காயை வைத்து, அதன் நான்கு பிணைப்புக்கு நான்கு ஈர்க்குச்சி குத்தச் சொன்னால், கரும்பலகையில் பார்த்தபடி கூட்டல் குறியாகத் தட்டையாகத்தான் குத்துகிறார்கள். “குச்சிகள் இன்னும் விலகி நிற்க வழி உண்டா?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். பிடுங்கிப் பிடுங்கிக் குத்தி, கடைசியில் மூன்று குச்சி மேசையில் ஊன்ற, ஒன்று மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். எந்த இரண்டு குச்சிக்கும் இடையே 109.5 பாகை. அப்புறம் திரையைக் காட்டினால் சுழற்றிச் சுழற்றிக் கோணத்தைத் தேடுகிறார்கள். முதலிலேயே திரையைக் காட்டினால் படமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மேலைச்சிவபுரி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, பேச்சில் ‘மாதிரி’ உவம உருபாகிவிட்டது. தொல்காப்பியம் உவமவியலில் அடுக்கும் அன்ன, ஏய்ப்ப, உறழ, ஒப்ப என்ற வரிசையில் அதையும் இன்று சேர்க்கலாம். உருபைப் பெயராகவும் ஆண்டால் பிள்ளை தடுமாறத்தான் செய்யும். அது தமிழ்ச்சொல்தானா என்பது தனி வழக்கு. சங்கப் பாடல்களில் ‘மாதிரம்’ என்றால் திசை. திசை காட்டுவது, வழி காட்டுவது, பார்த்துச் செய்ய முன்னிற்பது என்று பொருளை நீட்டிப் பார்த்தேன். இடையில் பிடிக்கச் சான்று இல்லை. ‘பாவை’ என்று வைப்போம். குறுந்தொகை 8இல் ‘ஆடிப்பாவை’ கண்ணாடியில் தெரியும் உருவைத்தானே குறிக்கிறது? ‘மீத்தேன் பாவை’ என்பதில் என்ன குறை?

காரைக்குடி, ஓய்வுபெற்ற வேதியியலாளர்:

ஐயா, ஆடிப்பாவையை இதற்குச் செலவழித்துவிடாதீர்கள். அதற்கு நல்ல இடம் வேறு இருக்கிறது. தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலத்தில் நடுக் கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள். அதைக் கட்டி, கண்ணாடியில் தெரிகிறபடி இன்னொன்றும் கட்டினால், எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றின்மேல் பொருந்தாது, இடக்கையும் வலக்கையும் போல. ஒரே அணுக்கள் வேறு விதமாக அமைந்த மூலக்கூறுகளை மாற்றியம் என்கிறோம். இதை ‘ஆடிப்பாவை மாற்றியம்’ என்றால் எவ்வளவு பொருத்தம்! 

தேவகோட்டைப் பிள்ளைகள் தட்டையாகக் குத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1865இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹாஃப்மன் குரோக்கே விளையாட்டின் பந்துகளைக் குழாயில் செருகிக் காட்டியபோதும் மீத்தேன் தட்டையாகத்தான் இருந்தது. 1874இல்தான் வான்ட் ஹாஃப், லெ பெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியே நான்முகி வடிவத்துக்கு, அதாவது பிள்ளைகளின் கடைசிக் குச்சி நிலைக்கு வந்தார்கள்.

கானாடுகாத்தான், மென்பொருளாளர்:

பாவை என்றால் பிள்ளைகளுக்குப் பொம்மையும் மார்கழியும்தான் நினைவுக்கு வரும் ஐயா. ‘உரு’ எப்படி? நம்ம ஊர்க் கல்யாணத் தாலியான கழுத்துருவில் கோப்பதும் உருதான். வடிவம், கோக்கும் மணி என்ற இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. பந்துக்குச்சி உரு, இடநிரப்பு உரு. முன்னது பிணைப்பையும் கோணத்தையும் காட்டும். பின்னது அணு அடைக்கும் இடத்தைக் காட்டும். பொத்தானிலும் அடங்கும்.

மேலைச்சிவபுரி:

உரு சரி, தம்பி. ஆனால் ‘பந்துக்குச்சி’ தவறு. பந்தும் குச்சியும் என்று விரிவது உம்மைத்தொகை, வலி மிகாது. ‘பந்துகுச்சி’ என்று எழுதுங்கள். ‘க்’ போட்டால் பந்துக்குரிய குச்சி என்றாகிவிடும். கழுத்துருவா கழுத்தீருவா என்பதையும் ஒருநாள் பேச வேண்டும். ‘திரு’விலிருந்து வந்ததாகச் சொல்வாரும் உண்டு.

கானாடுகாத்தான்:

இயல்பாகச் சொல்லிப் பாருங்கள் ஐயா, நாக்கு ‘க்’ போடத்தான் செய்கிறது.

கோட்டையூர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை:

எனக்கு இது பிடிக்கவில்லை. மாதிரி வினாத்தாள் எழுதாத பிள்ளை உண்டா? மாதிரி என்றால் அவர்களுக்குத் தெரியும். குழப்பம் சொல்லில் இல்லை, வேற்றுமை உருபை விழுங்கிவிடுவதில் இருக்கிறது. “மீத்தேனின் மாதிரியைச் செய்யுங்கள்” என்று சொல்லுங்கள், தீர்ந்தது. பாடநூலில் ஒன்று, திரையில் ஒன்று என்றால் தமிழ்வழிப் பிள்ளைக்குத்தான் இரட்டைச் சுமை. தூய்மைக்காக அந்தப் பிள்ளையை ஏன் அலைய விடுகிறீர்கள்?

தேவகோட்டை:

ஆச்சி சொன்ன ‘இன்’னை வகுப்பில் உடனே பிடித்துக்கொள்கிறேன். ஆனால் “உப்பின் மாதிரி” என்றால் சோதிக்க எடுத்த உப்பா, கட்டிக் காட்டும் வடிவமா என்ற குழப்பம் அப்படியேதான் இருக்கிறது. பாவைக்கு மேலைச்சிவபுரி ஐயா மட்டும். உருவுக்குப் பலர், அவர்களிலும் பாதிப் பேர் “சரி, அதையே வையுங்கள்” என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பொத்தானில் ‘பந்துகுச்சி உரு’ என்று அனுப்புகிறேன். உதவிப் பக்கத்தில் முதல்முறை வரும் இடத்தில் ‘உரு, அதாவது மாதிரி’ என்றிருக்கும். ‘ஆடிப்பாவை மாற்றிய’த்தை மேல்வகுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

கோட்டையூர்:

என் மறுப்பையும் பட்டியலோடு சேர்த்து அனுப்பம்மா. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.