கடல் சட்டக் கருத்தரங்குகளுக்குப் போனவர்களே, மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

பாம்பன்காரன்
நான் படித்த சட்டக் கல்லூரியில் கடலோர ஒழுங்குமுறை பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. சின்னப்பாலத்திலிருந்து கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கிற அக்கா ஒருவரையும் மேடைக்கு அழைத்திருந்தோம். திரையில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வரைபடம், 21 தீவுகளையும் சுற்றிச் சிவப்புக் கோடு. பேராசிரியர் அதைப் பூங்காவாக்கிய 1986 அறிவிப்பை விளக்கி முடித்ததும் அக்கா எழுந்தார். துணி சுற்றிச் சுற்றித் தழும்பேறிய விரலை நீட்டி, "சார், இந்தக் கோடு தண்ணிக்குள்ள எங்கன கிடக்கு? முப்பது வருசமா முங்குறேன், ஒருநாளும் கண்ணுல படலையே" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மேலே ஏதோ சொல்லத் தொடங்கினார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, மைக்கை வாங்கு என்று எனக்குச் சைகை வந்தது. வாங்கிவிட்டேன். மைக் இல்லாமலும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். நாற்காலிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வேதாளை மகன்
எனக்கு மாதிரி நீதிமன்றப் போட்டி. தலைப்பு கடலடியில் ஊரும் கடல் அட்டை என்ற உயிரைப் பிடிக்கத் தடை, எனக்கு விழுந்தது அரசுத் தரப்பு. எங்க அத்தா அட்டைக்கு முங்கியவர். 2001இல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் புலியோடு சேர்த்தார்கள், அதோடு அவர் தொழில் போனது. கேடு உறுதியாகும் முன்பே தடுக்கலாம் என்கிற முன்னெச்சரிக்கைக் கொள்கை, அதை ஏற்ற 1996 வேலூர் தோல் தொழிற்சாலைத் தீர்ப்பு எல்லாம் அடுக்கி ஜெயித்தேன். அத்தா கடைசி வரிசையில் இருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் பரமக்குடி தாண்டும் வரை பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அக்கரையில இலங்கையில லைசென்ஸ் குடுத்து எடுக்க விடுறாகளே, அதை எதிர்த்தரப்புப் பிள்ளை சொல்லவே இல்லையேப்பா. உனக்குத் தெரியுந்தானே?"
தெரியும்.

கீழக்கரை பெரியவர்
பாம்பன் தம்பி, கோடு கண்ணில் படவில்லை என்பதற்காகக் கோடே வேண்டாம் என்று ஆகாது. சின்ன வயதில் முருகைக்கல் என்கிற பவளக்கல்லை ஏற்றி வந்த வள்ளங்களைக் கரையில் நின்று எண்ணியவன் நான். சுண்ணாம்புக்கும் வீட்டுச் சுவருக்கும் வெட்டினார்கள். பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. பவளப்பாறையை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம். அட்டையும் அப்படித்தான். மணலைத் தின்று கடலடியைச் சுத்தம் செய்கிற உயிர் அது. யாராவது தடுத்துத்தான் ஆக வேண்டும்.

வேதாளை மகன்
ஐயா, தடை கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? தெரிந்ததை மறைத்து ஜெயித்தேன், அதைத்தான் சொன்னேன்.

தொண்டி வக்கீல்
என் கதை சின்னது. ஒரு திட்டத்துக்கு அனுமதி தருமுன் நடக்கிற மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவர் பத்து நிமிடம் அழுதுகொண்டே பேசினார். நடவடிக்கைக் குறிப்பில் அது ஒரே வரி: "ஒருவர் ஆட்சேபித்தார்."

அதனால் எல்லாருக்கும் சொல்கிறேன், கருத்தரங்கில் கேள்வி கேட்பதோடு நிற்காதீர்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் படியுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். கூட்டம் முடியும்போது குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்காமல் எழுந்திருக்க விடாதீர்கள். பேசுவதை எழுதியும் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 91ஆம் நாள் போனால் கதவு திறக்காது. எத்தனையோ ஊர்கள் கெடுவைத் தவறவிட்டு வந்து நின்றிருக்கின்றன.

பாம்பன்காரன்
பெரியவரே, கோடு வேண்டாம் என்று அக்காவும் சொல்லவில்லை. போன மாதம் சின்னப்பாலத்துக்குப் போய், "அன்னைக்கு மைக்கை வாங்கினதுக்கப்புறம் என்னக்கா சொன்னீங்க?" என்று கேட்டேன். பாசி மறுபடி வளரணும் என்று மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது எனப் பெண்களே கூடிப் பேசி வைத்த கட்டுப்பாட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். "அதையும் அந்தப் படத்துல எழுதுங்கன்னு சொன்னேன் தம்பி" என்றார்.